முள் இருந்தாலே சீமைக் கருவேலமா? மரத்தை வெட்டும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

மணலியில் இருந்து எண்ணூர் பக்கம் போகிறவர்களுக்குப் பழகிப்போன காட்சி இது: வரிசையாக நிற்கும் கன்டெய்னர் லாரிகள், ஆலைகளின் நீண்ட காம்பவுண்ட் சுவர், காலி மனைகளில் புழுதி படிந்த முள்மரங்கள். "எல்லாம் சீமைக் கருவேலம்தான்" என்று ஒரே வரியில் சொல்லிவிடுவோம். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனா எப்பவும் இல்லை.

2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக் கருவேலத்தை அகற்ற உத்தரவிட்டதும் ஊர் ஊராக ஜேசிபி இறங்கியது. அந்த வேகத்தில் நாட்டு மரங்களும் சேர்ந்து சாய்கின்றன என்ற புகார் அப்போதே எழுந்தது. அந்நியத் தாவரங்களை அகற்ற 2022இல் தமிழக அரசு தனிக் கொள்கையே கொண்டுவந்தது. அதனால் இந்த வேலை இன்னும் முடியவில்லை. ஜேசிபி ஓட்டுபவருக்குத் தெரிவது முள் மட்டும்தான். நாட்டுக் கருவேலத்துக்கும் முள் உண்டு, வன்னிக்கும் உண்டு.

இலை எது, சிற்றிலை எது?

சீமைக் கருவேலத்தில் பொடிப் பொடியாகத் தெரிவதை எல்லாம் நாம் இலை என்கிறோம். தாவரவியலில் அவை சிற்றிலைகள். பல சிற்றிலைகள் சேர்ந்ததுதான் ஒரு இலை. இதற்குக் கூட்டிலை என்று பெயர். சந்தேகம் வந்தா காம்பு கிளையோடு சேரும் இடத்தைப் பாருங்க. அங்கே சின்னதாக ஒரு மொட்டு இருந்தால் அது முழு இலை. சிற்றிலையின் அடியில் இந்தக் கோணமொட்டு இருக்காது.

சீமைக் கருவேலம், நாட்டுக் கருவேலம், வன்னி மூன்றுக்குமே இருமடிச் சிறகுக் கூட்டிலைதான். அதாவது நடுக்காம்பில் இருந்து ஜோடி ஜோடியாகக் கிளைக்காம்புகள் பிரியும், அவற்றில்தான் சிற்றிலைகள் இருக்கும். சீமைக் கருவேலத்தில் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று ஜோடி கிளைக்காம்புகள். நாட்டுக் கருவேலத்தில் அதைவிடக் கூடுதல், சிற்றிலைகளும் ரொம்பச் சின்னது. வன்னியோ சீமைக் கருவேலத்துக்கு நெருங்கிய சொந்தம். இலையை மட்டும் வைத்துப் பிரிப்பது கஷ்டம்.

மூணும் முள்தான், ஆனா ஒண்ணு இல்லை

இங்கேதான் விஷயமே இருக்கு. தமிழில் நாம் எல்லாவற்றையும் 'முள்' என்று சொல்லிவிடுகிறோம். தாவரவியலோ அந்த முள் எங்கிருந்து முளைத்தது என்று கேட்கும்.

நாட்டுக் கருவேலத்தின் முள், இலைக்காம்பின் அடியில் இருபுறமும் வரும் இலையடிச் செதில்கள் மாறி உருவானது. செதில்கள் இரண்டு என்பதால் முள்ளும் ஜோடியாக, நேராக, வெளிறிய நிறத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். சீமைக் கருவேலத்தின் முள் இலைக்கோணத்தில் இருந்து வருகிறது. கிளையாக வளர வேண்டியது முள்ளாக மாறியிருக்கிறது. ஒற்றையாகவும் இருக்கலாம், இரட்டையாகவும் இருக்கலாம். எனவே எண்ணிக்கையை மட்டும் நம்ப வேண்டாம்.

வன்னியின் கதையே வேறு. அதன் முள் தண்டின் மேற்பரப்பில் இருந்து எழுவது, ரோஜாச் செடியில் இருப்பதைப் போல. இலை இருக்கும் இடத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரண்டு கணுக்களுக்கு நடுவே அங்கங்கே சிதறியிருக்கும். அடி அகலமாக, கூம்பு வடிவில் இருக்கும். முள் கணுவில் இருக்கிறதா, கணுக்களுக்கு நடுவே இருக்கிறதா என்று பார்த்தாலே வன்னியைக் காப்பாற்றிவிடலாம்.

பூத்துக் காய்த்திருந்தால் வேலை இன்னும் சுலபம். நாட்டுக் கருவேலத்தில் மஞ்சள் உருண்டைகள். சீமைக் கருவேலத்திலும் வன்னியிலும் நீளமான கதிர்கள். நாட்டுக் கருவேலக் காய் விதைக்கு விதை இறுகி, மணி கோத்த மாலை மாதிரி இருக்கும். சீமைக் கருவேலக் காய் அப்படி இறுகாது. பழுத்தால் மஞ்சளாகி இனிக்கும். அதை ஆடு மாடு தின்று சாணத்தோடு விதையைப் பரப்புவதால்தான் இந்த மரம் இவ்வளவு வேகமாகப் பரவியது. பல சரணாலயங்களில் நாரையும் கொக்கும் கூடு கட்டுவது ஏரிக்குள் நடப்பட்ட நாட்டுக் கருவேலத்தில்தான் என்பதால், இந்தக் காயைத் தெரிந்து வைத்திருப்பது பறவைகளுக்கும் நல்லது.

எண்ணூர் முகத்துவாரத்தில் வேர்தான் அடையாளம்

சாலையோரத்தை விட்டு கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்துக்கு வந்தால், பார்க்க வேண்டிய இடமும் மாறிவிடும். அங்குள்ள அலையாத்தி மரங்களில் முக்கியமானது வெண்கண்டல். முள் கிடையாது. இலை தனி இலை, ஒன்றுக்கு ஒன்று எதிரெதிராக இருக்கும், அடிப்பக்கம் வெளுத்திருக்கும். வெயில் நேரத்தில் இலையைத் தடவினால் உப்புத் தட்டுப்படும். உறிஞ்சிய உப்பை இலையில் உள்ள சுரப்பிகள் வழியாக மரம் வெளியேற்றுகிறது.

ஆனால் உறுதியான அடையாளம் கீழே சேற்றில் இருக்கிறது. மரத்தைச் சுற்றி பென்சில் குச்சிகளை நட்டு வைத்த மாதிரி மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் சுவாச வேர்கள். சேற்றுக்குள் காற்று இல்லாததால், இந்த வேர்களில் உள்ள பட்டைத்துளைகள் வழியாகத்தான் மரம் ஆக்சிஜனை இழுக்கிறது.

டிசம்பர் 2023இல் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியில் இருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணெய் வந்தபோது, அது படிந்த இடங்களில் இந்த வேர்களும் இருந்தன. மீனவர்களின் படகிலும் வலையிலும் ஒட்டிய கறுப்பு எல்லோர் கண்ணிலும் பட்டது. வேரில் ஒட்டியதை அவ்வளவு பேர் கவனிக்கவில்லை. பட்டைத்துளை அடைபட்டால் இலை உடனே உதிராது, மரம் பல மாதங்கள் பச்சையாகவே நிற்கலாம். அதனால் அந்த மரம் பிழைத்ததா என்று பார்க்கப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது கிளையை அல்ல, சேற்றில் நிற்கும் அந்தக் குச்சிகளை. புதிய குச்சிகள் முளைக்கின்றனவா, பழையவை மிருதுவாகி அழுகுகின்றனவா என்பதில்தான் பதில் இருக்கிறது.