மூச்சு விட்ட ஏரி

மேற்கு ஆபிரிக்காவைச் சார்ந்த கமரூன் நாட்டின் மலைப்பகுதியிலே நியோஸ் என்றோர் ஏரி உண்டு. பழைய எரிமலை வாயொன்றில் நீர் நிறைந்து உண்டானது அது. ஆழம் 200 மீற்றருக்குச் சற்று மேல். 1986ஆம் ஆண்டு ஓகஸ்ட் 21ஆந் திகதி இரவு அவ்வேரி பொங்கிற்று. விடிந்தபோது பள்ளத்தாக்கு ஊர்களில் ஏறக்குறைய 1,700 மக்கள் உயிரிழந்து கிடந்தனர். மடிந்த கால்நடைகள் 3,000க்கு மேல். வீடுகள் இடியவில்லை, மரங்கள் எரியவில்லை. எண்ணெய் இருக்கவே விளக்குகள் மாத்திரம் அணைந்திருந்தன.

கொன்றது கரியமிலவாயு, பாடநூல்கள் காபனீரொட்சைட்டு என்று கூறுவது. நாம் ஒவ்வொரு மூச்சிலும் வெளிவிடும் வாயுதான். நிலத்தின் கீழுள்ள எரிமலைக் குழம்பிலிருந்து அது ஊறி வந்து ஏரியின் அடிநீரிலே கரைகின்றது. மேலுள்ள நீரின் பாரம், சோடாப் போத்தலின் மூடியைப் போல, அதனை அமுக்கி வைத்திருக்கின்றது. குளிர்நாட்டு ஏரிகளில் மேல்நீர் பருவந்தோறும் குளிர்ந்து கனத்துக் கீழிறங்க, அடிநீர் மேலெழும். வாயு சிறிது சிறிதாக வெளியேறிவிடும். வெப்பநாடாகிய கமரூனிலோ இக்கலப்பு நிகழ்வது அரிது. ஆண்டாண்டாகச் சேர்ந்த வாயுவை அன்றிரவு கிளப்பியது எது என்பதில் அறிஞரிடையே ஒருமித்த முடிவில்லை. மண்சரிவாகலாம் என்பர் பலர்.

இவ்வாயு காற்றினும் ஒன்றரை மடங்கு கனமானது. ஆகவே அது வானில் எழுந்து கலையாமல், வெள்ளம்போல் நிலத்தோடு தவழ்ந்து, பள்ளம் நோக்கி 20 கிலோமீற்றருக்கு மேல் ஓடிற்று. மேட்டில் வாழ்ந்தோர் பலர் பிழைத்தனர். பல மணிநேரம் நினைவிழந்து கிடந்து, கண்விழித்துத் தம் குடும்பத்தாரைப் பிணமாகக் கண்டோரும் உளர். தப்பிய ஆயிரக்கணக்கானோர் வேற்றிடங்களிற் குடியேற்றப்பட்டனர்.

இரண்டாண்டுகளுக்கு முன்னரே, 1984இல், அந்நாட்டு மொனூன் ஏரி 37 பேரைப் பலிகொண்டிருந்தது. அவ்வெச்சரிக்கை போதிய அளவு செவியேறவில்லை என்றே சொல்லவேண்டும்.

பரிகாரமோ வியக்கத்தக்க எளிமையுடையது. 2001இல் நியோஸ் ஏரியின் அடிவரை ஒரு குழாய் இறக்கப்பட்டது. தொடக்கத்தில் மாத்திரம் நீரைப் பம்பியால் இழுத்தால் போதும். மேலேறும் நீரிற் குமிழிகள் பிறந்து, அவையே பின்வரும் நீரையும் தூக்கிவரும். எந்திரமின்றியே நீர்த்தாரை ஏறக்குறைய 50 மீற்றர் உயரம் பாய்ந்தது. 2003இல் மொனூனிலும் குழாய் அமைந்தது. 2011இல் நியோஸுக்கு மேலும் இரண்டு சேர்ந்தன.

ருவாண்டாவுக்கும் கொங்கோவுக்கும் இடையிலுள்ள கிவு ஏரி இவற்றினும் மிகப் பெரிது. கரியமிலவாயுவுடன் எரியக்கூடிய மெதேன் வாயுவும் அதன் ஆழத்தில் அடங்கியுள்ளது. கரையோரங்களில் வாழ்வோரோ இலட்சக்கணக்கானோர். அம்மெதேனைப் பிரித்து மின்சாரம் ஆக்கும் நிலையமொன்று 2016இல் ருவாண்டாக் கரையில் திறந்துவைக்கப்பட்டது. வாயு நீங்கிய நீரை எந்த ஆழத்தில் திருப்பி விடுவது என்பதே அங்கு நுட்பமான பிரச்சினை. நீரடுக்குகள் குலையாதிருந்தால்தான் எஞ்சிய வாயு அடங்கிக் கிடக்கும்.