எந்தத் தோளுக்கு எந்தத் துப்பாக்கி?

அமெரிக்காவில் ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போய், "புல்பப் ரைஃபிள் வேண்டும்" என்று கேட்பவரிடம் விவரம் தெரிந்த விற்பனையாளர் முதலில் விலையைச் சொல்ல மாட்டார். "நீங்கள் வலது கைக்காரரா, இடது கைக்காரரா?" என்றுதான் கேட்பார். மற்ற ரைஃபிள்களுக்கு இந்தக் கேள்வியைக் கடைசியில் கேட்டாலும் போதும். புல்பப்புக்கு அதுதான் முதல் கேள்வி.

காரணம் அதன் உடலமைப்பில் இருக்கிறது. சாதாரண ரைஃபிளில் தோட்டா நிரப்பிய மேகசின், சுடும் விசைக்கு முன்னால் இருக்கும். தோளில் முட்டுக் கொடுக்கிற பின்கட்டைக்குப் பிடிமானத்தைத் தவிரப் பெரிய வேலை இல்லை. அந்த இடத்தை ஏன் வீணாக்க வேண்டும் என்று யோசித்தவர்கள், மேகசின், தோட்டா வெடிக்கும் அறை, முன்னும் பின்னும் ஓடும் போல்ட் எல்லாவற்றையும் விசைக்குப் பின்னால் தள்ளிப் பின்கட்டைக்குள்ளேயே வைத்தார்கள். குழலின் நீளம் குறையவில்லை, துப்பாக்கியின் நீளம் குறைந்தது. அமெரிக்காவில் பரவலாகப் புழங்கும் ஏ.ஆர்-15 ரைஃபிள், 16 அங்குலக் குழலோடு 80 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்கும். இஸ்ரேலின் டவோர் எக்ஸ்-95 அதைவிட அரை அங்குலம் நீண்ட குழலை வைத்துக்கொண்டு 66 சென்டிமீட்டரில் முடிந்துவிடுகிறது. குழல் நீளமாக இருந்தால் வெடிவாயு தோட்டாவைக் கூடுதல் தூரம் தள்ளும், வேகமும் கூடும். அந்த வேகத்தை இழக்காமல் துப்பாக்கியைக் குட்டையாக்கியதுதான் புல்பப்பின் சாதனை.

இது புதிய யோசனையும் அல்ல. 1901-லேயே பிரிட்டனில் தார்னிக்ராஃப்ட் கார்பைன் இந்த அமைப்பில் வந்துவிட்டது. ஆனால் ராணுவங்கள் இதை நம்பிக் கையில் எடுத்தது 1970-களின் கடைசியில்தான். ஆஸ்திரிய ராணுவம் 1977-ல் ஸ்டேயர் ஏ.யூ.ஜி.-யை ஏற்றுக்கொண்டது. அடுத்து பிரான்சின் ஃபாமாஸ், பிரிட்டனின் எல்-85 என்று வரிசை நீண்டது. சிங்கப்பூரில் தேசிய சேவைக்குப் போய் வந்த பிள்ளைகள் உள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு புல்பப் புதிய பொருளாகத் தெரியாது. அந்தப் பிள்ளைகள் தூக்கிச் சுமந்த எஸ்.ஏ.ஆர்-21 இந்த ரகம்தான்.

அமெரிக்காவில் வார இறுதியில் சுடுதளத்துக்குப் போய்க் காகித இலக்கையும் இரும்புத் தகட்டையும் சுடுவது லட்சக்கணக்கானவர்களின் பொழுதுபோக்கு. அவர்களில் புல்பப் வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் வந்து நிற்கும் இடம், ஏ.யூ.ஜி.-யா எக்ஸ்-95-ஆ என்பதுதான். இரண்டும் 5.56 மி.மீ. தோட்டா சுடுபவை, எடை சுமார் மூன்றரை கிலோ, விலை ஏறத்தாழ 2,000 டாலர். பொதுமக்களுக்கான வடிவத்தில் இரண்டும் விசையை ஒரு முறை இழுத்தால் ஒரு தோட்டா மட்டுமே சுடும்.

ஏ.யூ.ஜி. பார்த்ததும் அடையாளம் தெரிகிற துப்பாக்கி. 1988-ல் வந்த டை ஹார்ட் படத்தில் வில்லனின் கூட்டாளி ஏந்தி வருவது இதைத்தான். பச்சை நிறப் பிளாஸ்டிக் உடல், உள்ளே எத்தனை தோட்டா மிச்சம் என்று வெளியிலிருந்தே தெரியும் கண்ணாடி போன்ற மேகசின், ராணுவ வடிவத்தில் துப்பாக்கியோடு ஒன்றாகப் பிறந்த ஒன்றரை மடங்கு தொலைநோக்கி என்று எல்லாமே அந்தக் காலத்தில் துணிச்சலான முடிவுகள். அதன் சுத்தியல் தொகுப்பைக் கழற்றிக் கையில் வாங்கிப் பார்ப்பவர்கள் திகைத்துப் போவார்கள். சுருள்களையும் ஊசிகளையும் விட்டால், தோட்டாவை வெடிக்க வைக்கும் அந்தச் சுத்தியல்கூடப் பிளாஸ்டிக்! அதுதான் பல நாட்டு ராணுவங்களில் பல பத்தாண்டுகள் உழைத்திருக்கிறது. குழலைக் கழற்றவும் கருவி வேண்டாம். ஒரு பொத்தானை அழுத்தி, முன்கைப்பிடியைப் பற்றித் திருகி இழுத்தால் சில நொடிகளில் குழல் தனியாக வந்துவிடும். துடைப்பதற்கும் பையில் வைப்பதற்கும் இதைவிடச் சுலபமான ரைஃபிள் அரிது.

எக்ஸ்-95 இளையது. இஸ்ரேலின் ஐ.டபிள்யூ.ஐ. நிறுவனம் கலிலேயாவில் உள்ள டவோர் மலையின் பெயரைத் தாங்கிய முதல் டவோரை ராணுவத்துக்காகச் செய்தது. அதன் பொதுமக்கள் வடிவம் 2013-ல் அமெரிக்காவுக்கு வந்தது. விசை மிகக் கனம் என்று வாங்கியவர்கள் குறைப்பட்டார்கள். அதை இழுக்க ஐந்து கிலோ அளவுக்கு அழுத்தம் தேவைப்பட்டது. 2016-ல் வந்த எக்ஸ்-95-ல் அது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இந்திய வாசகர்களும் இந்தத் துப்பாக்கியைப் பார்த்திருக்கலாம். மத்திய ரிசர்வ் போலீஸ் படையினர் கையில் ஏந்தும் குட்டையான கறுப்புத் துப்பாக்கிகளில் இதுவும் ஒன்று. ஆனால் இந்தியாவில் சாதாரணக் குடிமகன் இதை வாங்க வழியே இல்லை.

அமெரிக்கக் கடையில் கிடைக்கும் துப்பாக்கியின் உருவத்தைத் தீர்மானிப்பதில் பொறியாளருக்கு இருக்கும் பங்கு சட்டத்துக்கும் உண்டு. 1934-ல் வந்த கூட்டாட்சிச் சட்டப்படி ரைஃபிளின் மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் குறைந்தாலோ, குழல் 16 அங்குலத்துக்குக் குறைந்தாலோ தனிப் பதிவு வேண்டும். எக்ஸ்-95-ன் மொத்த நீளம் 26.125 அங்குலம். அந்த அரைக்கால் அங்குலம் தற்செயலாக வந்ததல்ல. இறக்குமதிக்கும் கட்டுப்பாடு உண்டு. பட்டியலிட்ட 20 பாகங்களில் பத்துக்கு மேல் வெளிநாட்டில் செய்ததாக இருக்கக் கூடாது. ஆகவே ஏ.யூ.ஜி.-யைச் செய்யும் ஸ்டேயர், ஐ.டபிள்யூ.ஐ. ஆகிய இரண்டு நிறுவனங்களும் அமெரிக்காவிலேயே கிளை வைத்திருக்கின்றன. கலிஃபோர்னியா இன்னும் கண்டிப்பு. இந்த வகை ரைஃபிள் அங்கே 30 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. புல்பப்பின் முழுப் பெருமையான குட்டை உருவமே அந்த மாநிலத்தில் குற்றமாகிவிடுகிறது.

ஆஸ்திரேலியாவின் கதை வேறு. லித்கோ நகர ஆலையில் ஏ.யூ.ஜி.-யைத் தன் ராணுவத்துக்காகவே தயாரித்த நாடு அது. 1996-ல் போர்ட் ஆர்தரில் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, இந்த வகைத் துப்பாக்கிகளைப் பொதுமக்களிடமிருந்து விலை கொடுத்துத் திரும்ப வாங்கி அழித்தது. ஒரு நாட்டில் விளையாட்டுப் பொருளாக இருப்பது இன்னொரு நாட்டில் ஏன் தடையானது என்பதை, துப்பாக்கி வாங்குகிறவர் ஒரு நிமிடமாவது நினைத்துப் பார்க்க வேண்டும்.

இப்போது அந்த முதல் கேள்விக்கு வருவோம். வலது தோளில் வைத்துச் சுடும்போது, சுட்டு முடித்த பித்தளைக் கூடு வலப்பக்கத் துளை வழியாக வெளியே பறக்கும். அந்தத் துளை கன்னத்துக்கு ஒரு சாண் தூரத்தில்கூட இல்லை. அதே துப்பாக்கியை இடது தோளுக்கு மாற்றினால் சூடான கூடு நேராக முகத்தில் வந்து மோதும். இரண்டு துப்பாக்கிகளுக்குமே இடது கைக்கான போல்ட் தனியாகக் கிடைக்கும், துளையையும் இடப்பக்கம் மாற்றலாம். எக்ஸ்-95-ல் போல்ட்டை இழுக்கும் கைப்பிடியையும் பாதுகாப்பு விசையையும்கூட இடம் மாற்றிக்கொள்ளலாம். ஏ.யூ.ஜி.-யில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஏ.ஆர்-15 மேகசினை ஏற்கும் பின்கட்டையோடு அதை வாங்கினால் கூடு வலப்பக்கம் மட்டுமே பறக்கும். ஆகவே இடது கைக்காரருக்கு எக்ஸ்-95 என்பதில் தயக்கத்துக்கு இடமில்லை. வலது கைக்காரராக இருந்தும் குறி பார்க்க இடது கண்ணையே நம்புகிறவர்கள் உண்டு, இடது தோளில் வைத்துச் சுடுவதானால் அவர்களுக்கும் இதே பதில்தான்.

அடுத்தது பழக்கம். ஏ.ஆர்-15 சுட்டுப் பழகியவர், ஆள்காட்டி விரலால் பொத்தானை அழுத்தினால் காலி மேகசின் தானாக விழும் என்று எதிர்பார்ப்பார். எக்ஸ்-95-ல் அந்தப் பொத்தான் விரல் எட்டும் இடத்திலேயே இருக்கிறது. ஏ.யூ.ஜி.-யில் மேகசினுக்குப் பின்னால் உள்ள பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தி, கையாலேயே உருவ வேண்டும். அக்குளுக்கு அருகே நடக்கும் இந்த வேலையைப் பார்க்காமல் செய்யப் பழகுவதற்கு இரண்டு துப்பாக்கியிலுமே நாளாகும். விசை விஷயத்தில் எக்ஸ்-95 முந்துகிறது. விரலிலிருந்து பின்னால் உள்ள சுத்தியல்வரை நீளும் இணைப்பினால் புல்பப் விசைகள் பொதுவாகவே குழைவாக இருக்கும், ஏ.யூ.ஜி.-யில் அது கூடுதலாகவே தெரியும். ஆனால் தோளில் வைத்து நிமிர்த்திப் பிடிக்கும்போது எடை உடலோடு ஒட்டி நிற்கும் சுகத்திலும், கழற்றிப் பூட்டும் எளிமையிலும் ஏ.யூ.ஜி. ஒரு படி மேல். இடது கைப் பிரச்சினை இல்லாதவர், மேகசினை மாற்ற அவசரமில்லாதவர், நிதானமாக இலக்கைச் சுடுபவர் என்றால் அதுவே நல்ல தேர்வு.

எதை வாங்கினாலும் ஒரு ஆபத்தை மறக்கக் கூடாது. எக்ஸ்-95-ஐ .300 பிளாக்அவுட் என்ற வேறு தோட்டாவுக்கும் மாற்றலாம். இரண்டு தோட்டாவும் ஒரே மேகசினில் உட்காரும். பிளாக்அவுட் தோட்டா தவறுதலாக 5.56 குழலுக்குள் போய் வெடித்தால் துப்பாக்கியே சிதறும். மற்ற ரைஃபிளில் அது முகத்துக்கு முன்னால் நடக்கும், புல்பப்பில் கன்னத்துக்குக் கீழேயே நடக்கும். அனுபவசாலிகள் இரண்டு தோட்டாக்களையும் ஒரே நாளில் சுடுதளத்துக்குக் கொண்டு போவதில்லை, மேகசின்களையும் வேறு வேறு நிறத்தில் வைத்திருப்பார்கள். காது மூடியும் கண்ணாடியும் எந்தத் துப்பாக்கிக்கும் கட்டாயம்.

சில சுடுதளங்களில் துப்பாக்கியை வாடகைக்கு எடுத்துச் சுட முடியும். 2,000 டாலரைக் கொடுப்பதற்கு முன் அங்கே போய், இரண்டிலும் மூன்று மேகசினாவது காலி செய்து பார்ப்பது நல்லது. முதல் மேகசினில் எல்லாத் துப்பாக்கியும் பிடித்துப் போகும். மூன்றாவதை மாற்றும்போது கை தானாக எங்கே போகிறது, கன்னத்தில் சூடும் வாயுவும் எவ்வளவு படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.