13, 39, 14,000: ஒரு வார்டின் கணக்கு

30 படுக்கை உள்ள ஒரு பொது வார்டுக்கு எத்தனை செவிலியர் வேண்டும்? மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் 3 படுக்கைக்கு ஒருவர் என்பது இந்திய செவிலியர் கவுன்சிலின் விகிதம். ஆக 10 பேர். லீவு போடுகிறவர்களுக்கு ஈடாக 30 விழுக்காடு சேர்த்தால் 13. மூன்று ஷிப்டுக்கும் சேர்த்துத்தான் இந்த 13. அதே வார்டு தீவிர சிகிச்சைப் பிரிவானால் படுக்கைக்கு ஒருவர். லீவு ஈட்டோடு 39.

கொரோனாவின் இரண்டாம் அலையில், 2021 மே மாதத்தில், தமிழ்நாட்டில் பொது வார்டுகளுக்கும் ஆக்சிஜன் வந்தது. செவிலியரைத்தான் அந்த வேகத்தில் கூட்ட முடியவில்லை. மே 4 இரவு செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் பத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்தார்கள். ஆக்சிஜன் குறைந்ததுதான் காரணம் என்றார்கள் உறவினர்கள். பற்றாக்குறை இல்லை என்றது நிர்வாகம். மே 21 அன்று மாநிலத்தில் ஒரே நாள் தொற்று 36,184.

அப்போது கொரோனா வார்டுச் செவிலியர் கவச உடைக்குள் போனால் ஆறு மணி நேரம் தண்ணீர் கிடையாது, கழிப்பறை கிடையாது. முகம் தெரியாததால் மார்பில் மார்க்கரால் பெயர் எழுதிக்கொள்வார்கள். நோயாளிக்கோ பெயர் போய் நம்பர் வந்துவிடும்: "பதினாலு சாச்சுரேஷன் இறங்குது சிஸ்டர்." பொறுமைசாலி என்று பெயர் வாங்கிய செவிலியர் வீட்டில் எரிந்து விழுகிறார், அழ வேண்டிய இடத்தில் அழுகை வரவில்லை. "முன்ன மாதிரி இல்ல" என்று வீட்டார் சொல்வது இதைத்தான்.

இந்தப் பணிச்சோர்வை அளக்கவும் வழி உண்டு. 1981-ல் வெளிவந்த மாஸ்லாக் அளவுகோலில் 22 கேள்விகள். 9 உணர்ச்சிச் சோர்வுக்கு, 8 வேலையில் கிடைக்கும் நிறைவுக்கு. மீதி 5, எதிரே இருப்பவரை மனிதராகப் பார்ப்பது எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதற்கு. நான் முதலில் பார்ப்பது இந்த ஐந்தைத்தான். மற்ற இரண்டிலும் முதலில் அவதிப்படுவது ஊழியர். இது நோயாளியை நேரடியாகத் தொடுகிறது.

2020-ல் இந்திய மருத்துவப் பணியாளர் 2,026 பேரிடம் வேறோர் அளவுகோலை வைத்து ஒரு கணக்கெடுப்பு நடந்தது. பெருந்தொற்றால் சோர்ந்துபோனவர்கள் 1,069 பேர், அதாவது 52.8 விழுக்காடு. வேலை சார்ந்த சோர்வு 26.9 விழுக்காடுதான். என் வாசிப்பு இது: இவர்களுக்கு வேலை கசக்கவில்லை. அந்த வேலையை எந்த நிலைமையில் செய்யச் சொன்னோமோ, அதுதான் ஆளை முறித்தது. தியானமும் யோகாவும் கற்றுக்கொடுத்தால் சரியாகிவிடும் என்கிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

இனி பணம். 2021 மே 12-ல் தமிழ்நாடு அரசு அறிவித்த ஊக்கத்தொகை, ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மூன்று மாதங்களுக்கு: மருத்துவருக்கு ரூ.30,000, செவிலியருக்கு ரூ.20,000, மற்றவர்களுக்கு ரூ.15,000. தொற்றில் இறந்த 43 பணியாளர் குடும்பங்களுக்குத் தலா ரூ.25 லட்சம், மொத்தம் ரூ.10.75 கோடி. கொடுக்க வேண்டியதுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை அடுத்த வரியில் இருக்கிறது. கொரோனாவுக்கென்று மாதம் ரூ.14,000-க்கு எடுத்த ஒப்பந்தச் செவிலியர்களில் 2,300-க்கும் மேற்பட்டோர் 2022 டிசம்பர் 31-உடன் வேலை இழந்தார்கள். அவர்கள் போராடிய பிறகு ரூ.18,000-க்கு மாற்று வேலை என்றது அரசு, அதுவும் ஒப்பந்தம்தான். 2,300 பேரைப் பழைய சம்பளத்திலேயே வைத்திருந்தால் மாதம் ரூ.3.22 கோடி, ஆண்டுக்கு ரூ.38.64 கோடி. இந்தச் சம்பளத்தை நோய்க்காலச் செலவு என்று எழுதியதால்தான் நோய் தணிந்ததும் அடித்துவிட முடிந்தது. வார்டில் காலியாகக் கிடக்கும் லீவு ஈட்டு இடங்களுக்கு என்று எழுதியிருந்தால் அடித்திருக்க முடியாது.

அந்த 30 விழுக்காட்டை நிரந்தரப் பணியிடங்களாக நிரப்புங்கள், அடுத்த அலைக்கு முன்னால். 13 பேர் வேண்டிய இடத்தில் 10 பேர் போதும் என்கிற அதிகாரி, ஒரே ஒரு நைட் ஷிப்ட் வார்டில் உட்கார்ந்துவிட்டுக் கோப்பில் கையெழுத்துப் போடட்டும்.