மணலுக்குள் கொண்டுவரப்பட்ட ஆறு
வடமேற்கு ராஜஸ்தானின் நிலமும் நீரும்

டோர்ட்மண்ட் துறைமுகத்திலிருந்து வடக்கே செல்லும் டோர்ட்மண்ட்-எம்ஸ் கால்வாயை இரண்டாம் வில்ஹெல்ம் மன்னர் திறந்துவைத்தது 1899இல். இரும்புத்தாதும் நிலக்கரியும் சுமக்க வெட்டப்பட்ட கால்வாய் அது. அதே ஆண்டில் இந்தியாவின் வடமேற்கில் மழை பொய்த்தது. விக்கிரம ஆண்டு 1956இல் வந்ததால் 'சப்பனியா', அதாவது ஐம்பத்தாறாம் ஆண்டுப் பஞ்சம், என்று அங்குள்ள மக்கள் அதற்குப் பெயரிட்டனர். மனிதரும் மாடுகளும் கூட்டங்கூட்டமாக மடிந்த அந்தப் பஞ்சத்தைக் கண்ட பிக்கானேர் சமஸ்தானத்தின் இளம் மன்னர் கங்கா சிங், தன் நாட்டுக்கு ஓர் ஆற்றைக் கொண்டுவர வேண்டுமென்று தீர்மானித்தார்.

ஆறில்லாத நாடா அது என்றால், முற்றாக அப்படிச் சொல்லமுடியாது. தார்ப் பாலைவனத்துக்குக் கிழக்கே ஆரவல்லி மலைத்தொடர். மேற்கே சிந்து நதிச் சமவெளி. ஆரவல்லியில் அஜ்மீர் அருகே பிறக்கும் லூனி ஆற்றின் பெயரே உப்பைக் குறிப்பது. பாலோத்ரா வரை குடிக்கத்தக்க நீர், அதற்குக் கீழே உவர்நீர், கடைசியில் கச்சு உவர்நிலத்தில் காணாமற் போய்விடுகிறது. வடக்கே சிவாலிக் குன்றுகளிலிருந்து வரும் கக்கர், மழைக்காலத்தில் மட்டும் ஓடி மணலில் வற்றுகிறது. அந்தக் கக்கரின் கரையிற்தான் காலிபங்கன் இருக்கிறது. 1960களில் நடந்த அகழ்வில் அங்கே சிந்துவெளி நகரத்துக்கும் முந்திய உழுத வயலொன்று வெளிப்பட்டது. குறுக்கும் நெடுக்குமாக இருவேறு இடைவெளிகளில் ஓட்டிய உழவுச்சால்கள். இரண்டு பயிர்களை ஒன்றாக விதைக்கும் இந்த முறையை அயலூர் விவசாயிகள் நவீன காலத்திலும் கையாண்டதை ஆய்வாளர்கள் கவனித்தார்கள்.

ஜெய்சல்மேர்ப் பக்கம் ஆண்டு மழை 200 மில்லிமீற்றருக்கும் குறைவு. அதை வைத்துக்கொண்டே ஒரு பொருளாதாரம் இயங்கியது. பாறைச் சரிவில் வழியும் மழைநீரைத் தாழ்நிலத்தில் வரம்பு கட்டி மறித்து, ஈரம் ஊறியபின் விதைப்பது கடீன் முறை. ஜெய்சல்மேரின் பாலிவால் பிராமணர்கள் இதில் தேர்ந்தவர்கள். குடிநீருக்கு நிலத்தடித் தொட்டிகள். மானாவாரியில் கம்பு. எல்லாவற்றுக்கும் மேலாக மந்தை: ராய்கா மக்களின் ஒட்டகங்கள், ஆடுகள், சேவண் புல்வெளிகளில் மேயும் மாடுகள். இப்புல்வெளிகள் எவருடைய பெயரிலும் இருக்கவில்லை. பிற்பாடு நடந்ததையெல்லாம் விளங்கிக்கொள்ள இந்த ஒரு விடயத்தை மனதில் வைத்திருந்தால் போதும்.

கங்கா சிங்கின் கால்வாய் எளிதில் கிடைக்கவில்லை. சட்லெஜ் ஆறு பிக்கானேர் வழியாக ஓடவில்லை. கரையோர நாடல்லாத பிக்கானேருக்கு அதன் நீரில் என்ன உரிமை என்று பகவல்பூர் சமஸ்தானம் ஆட்சேபித்தது. 1920இல் பஞ்சாப், பகவல்பூர், பிக்கானேர் மூன்றும் ஒப்பந்தம் செய்தன. 1927இல் வைஸ்ராய் இர்வின் கங்கா கால்வாயைத் திறந்துவைத்தார். பஞ்சாபிலிருந்து விவசாயிகள் வரவழைக்கப்பட்டனர், நிலம் விலைக்கு விற்கப்பட்டது, கஜானா நிறைந்தது. பஞ்சத்துக்குப் பரிகாரமாகத் தொடங்கிய கால்வாய் சமஸ்தானத்தின் வருவாய்த் திட்டமாகவும் முடிந்தது. கங்காநகர் பருத்திக்கும் கோதுமைக்கும், பின்னர் கின்னோ தோடம்பழத்துக்கும் பெயர்பெற்றது.

இந்தப் பாதையை பல மடங்கு பெரிதாக்கியது சுதந்திர இந்தியா. பொறியியலாளர் கன்வர் சேன் 1948இல் முன்வைத்த யோசனைக்கு 1958இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1960இன் சிந்து நதி ஒப்பந்தம் ராவி, பியாஸ், சட்லெஜ் மூன்றையும் இந்தியாவுக்கு ஒதுக்க, திட்டத்துக்கான நீர் உறுதியாயிற்று. பியாசும் சட்லெஜும் சேரும் ஹரிகேயிலிருந்து ஜெய்சல்மேர் மாவட்டத்தின் மோகன்கர் வரை ஊட்டுகால்வாய் 204, பிரதான கால்வாய் 445, ஆக 649 கிலோமீற்றர். 1984இல் இந்திரா காந்தியின் பெயர் இதற்குச் சூட்டப்பட்டது.

இந்த நீரைத் தேக்கிவைக்க இமாசலப் பிரதேசத்தில் பியாசின் குறுக்கே பொங் அணை எழுந்தது. 1974இல் அது முடிவதற்குள் காங்க்ரா பள்ளத்தாக்கின் இருபதினாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் ஊரிழந்தன. நிலத்துக்கு நிலம் என்பது வாக்குறுதி: கால்வாய்ப் பகுதியில் குடும்பத்துக்கு ஒரு முரப்பா, ஏறத்தாழ 15 ஏக்கர். மலைச்சரிவில் நெல் விதைத்தவர்களுக்குப் பாலைவனத்தில் நிலம். போனவர்களிற் பலர் தம் காணியில் வேறு யாரோ பயிர் செய்வதைக் கண்டார்கள். அங்கேயே வசிக்கவில்லை, விற்றுவிட்டார்கள் என்று காரணங்காட்டி ஏராளமான ஒதுக்கீடுகள் ரத்துச் செய்யப்பட்டன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று 1996இல் அவர்களுக்குச் சாதகமான தீர்ப்பு வந்தது. தீர்ப்பு வந்ததே தவிர, பலருக்கு நிலம் வரவில்லை.

நீர் வந்த இடமெல்லாம் செழிக்கவும் இல்லை. மணலுக்கடியில் ஜிப்சம் படிவு உள்ள இடங்களில் பாய்ச்சிய நீர் கீழே இறங்காது தேங்கி மேலேறியது. 'சேம்' என்கிறார்கள் அதை. ஹனுமான்கர் மாவட்டத்தின் படோபல் பக்கத்தில் வயல்கள் உவர்ச் சதுப்பாகி வீடுகள் கைவிடப்பட்டன. 1994இல் தார்ப் பகுதியில் மலேரியா கொள்ளைநோயாகப் பரவியபோது, அந்த ஆண்டின் பெருமழையோடு கால்வாய் நீரும் காரணங்களில் ஒன்றாகப் பேசப்பட்டது. கால்வாயின் தலைப்பகுதியிலிருந்தவர்கள் நீர் குடிக்கும் பயிர்களுக்குப் பழகிவிட்டார்கள். கால்வாய் நீண்டதும் நீர் பங்கிடப்பட்டது. 2004 ஒக்டோபரில் கட்சானா, ராவ்லா பகுதிகளில் நீர் கேட்டுக் கிளர்ந்த விவசாயிகள் மீது பொலிஸ் சுட்டதில் உயிர்கள் போயின.

மேய்ப்பர்களுக்கோ வழக்காடவும் வழியில்லை. பொங் மக்களிடம் இழந்த நிலத்துக்கு உறுதி இருந்தது. ராய்காவிடம் இருந்தது வழமை மட்டும். சேவண் புல்வெளி அரசு ஏடுகளில் தரிசு நிலம். தரிசை அளந்து முரப்பாவாக வெட்டி யாருக்கும் கொடுக்கலாம்.

இந்தச் சொல் எமக்குப் புதிதல்ல. கல்லோயா முதல் மகாவலி வரை, குடியேற்றத் திட்டங்கள் ஆளில்லாக் காட்டைப் பற்றித்தான் பேசின. 1984இல் மணலாற்றுத் தமிழ்க் கிராமங்கள் வெறுமையாக்கப்பட்டன. 1988இல் அப்பிரதேசம் மகாவலியின் 'எல்' வலயமாயிற்று. மகாவலியின் ரந்தெனிகல அணைக்கு நிதி தந்தது அன்றைய மேற்கு ஜேர்மனி என்பதை இங்கிருந்து எழுதும்போது சொல்லாமல் விடமுடியாது. இரண்டையும் ஒன்றென்று சொல்ல வரவில்லை. ராஜஸ்தானில் ஓர் இனத்தின் தாயகத்தைத் துண்டிக்கும் நோக்கம் இருக்கவில்லை. கால்வாய் இலட்சக்கணக்கானோருக்குக் குடிநீர் கொடுத்ததும் உண்மை. ஆனால் பசுமையான ஏக்கர்களை மட்டும் எண்ணி ஒரு திட்டத்தை அளப்பவர்கள், அந்த ஏக்கர் முன்பு எவரது மேய்ச்சல் என்ற கேள்வியை இரண்டு நாடுகளிலும் ஒரேமாதிரித்தான் தவிர்த்தார்கள். இடதுசாரிகளிற் பலரும் அணைக்கட்டு என்றவுடன் முன்னேற்றம் என்று கைதட்டியவர்களே.

2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பின் இந்தியா சிந்து நதி ஒப்பந்தத்தை நிறுத்திவைத்தது. பாகிஸ்தானுக்குப் போகும் நீரைக் கால்வாய் வெட்டி ராஜஸ்தானுக்குக் கொண்டுவருவோம் என்று உள்துறை அமைச்சர் அமித் ஷா யூனில் அறிவித்தார். பொங் அணையால் ஊரிழந்த குடும்பங்களில் ஆயிரக்கணக்கானவை, முதற் கால்வாய்க்காக வாக்களிக்கப்பட்ட முரப்பாவையே இன்னும் கேட்டுக்கொண்டிருக்கின்றன.