பங்காளிகள் பிரித்துக்கொண்ட வானம்

எங்கள் தெருமுனை டீக்கடைக்கு ஒரு பாய் வருவார். இருபது வருடம் பஹ்ரைனின் மனாமாவில் துணிக்கடை ஒன்றில் நின்றுவிட்டு ஊரோடு வந்துவிட்டவர். இன்றைக்கும் காய்கறி வாங்க அவர் எடுத்துப் போவது தங்கநிற ராஜாளி போட்ட பழைய விமானப் பைதான். போன வாரம் கேட்டார்: “தம்பி, அப்பல்லாம் தோஹா போறவன், அபுதாபி போறவன், மஸ்கட் போறவன் எல்லாரும் எங்க கல்ஃப் ஏர்லதான் வந்தான். பஹ்ரைன்ல இறங்கித்தான் மாறினான். இப்ப எல்லாப் பயலும் துபாய் துபாய்ங்கறான். என்னதான் ஆச்சு?”

ஒரு டீயில் முடிகிற பதில் இல்லை. இரண்டாவதும் சொன்னோம்.

விழுப்புரம் ஜங்ஷனை நினைத்துக்கொள்ளுங்கள் பாய் என்று ஆரம்பித்தேன். நடைமேடையில் நிற்கும் கூட்டத்தில் பாதிப் பேருக்கு விழுப்புரத்தில் ஒரு ஜோலியும் கிடையாது. இறங்கி வேறு வண்டி மாறுகிறவர்கள். ஆனாலும் அவர்களை நம்பித்தான் அங்கே டீயும் வடையும் விற்கிறது. பஹ்ரைன் அப்படி ஒரு ஜங்ஷன். லண்டனிலிருந்து கிழக்கே வரும் அந்தக் காலத்து விமானம் ஒரே மூச்சில் இந்தியா வந்து சேராது. வழியில் சத்திரம் வேண்டும். 1932-ல் இம்பீரியல் ஏர்வேஸ் தன் பாதையை அரபுக் கரைக்கு மாற்றியபோது பஹ்ரைன் அந்தச் சத்திரமாயிற்று. அதே வருடம் அங்கே எண்ணெயும் கிடைத்தது. வளைகுடாவின் அரபுக் கரையில் முதல் எண்ணெய் அதுதான்.

1950-ல் ஃப்ரெடி பாஸ்வொர்த் என்ற ஆங்கிலேய விமானி அங்கே கல்ஃப் ஏவியேஷன் கம்பெனியைத் தொடங்கினார். உங்கள் கல்ஃப் ஏரின் ஆரம்பம் அதுதான். கையிலிருந்தவை சின்ன விமானங்கள், பக்கத்து ஊர்களுக்குப் போக்குவரத்து. அப்போது பஹ்ரைன் கடைத்தெருவில் புழங்கியது நம் ரூபாய். பிறகு ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே தனி நோட்டு அச்சடித்தது. 1965-ல்தான் பஹ்ரைன் தினார் வந்தது. “எங்க வாப்பா காலத்துக் கதை” என்றார் பாய்.

அடுத்த யோகம் பிறத்தியார் வீட்டுத் துக்கத்தில் வந்தது. 1975-ல் பெய்ரூட்டில் உள்நாட்டுப் போர் மூண்டது. அரபு உலகின் பணப்பெட்டி அதுவரை அங்கேதான் இருந்தது. வங்கிகள் இடம் தேடின. அதே வருடம் பஹ்ரைன் வெளிநாட்டு வங்கிகளுக்குத் தனி உரிமம் கொடுத்து வாசலைத் திறந்துவைத்தது. டோக்கியோ கடையை மூடும் நேரத்துக்கும் லண்டன் திறக்கும் நேரத்துக்கும் நடுவில் விழித்திருக்கும் ஊர் அது. பணம் வந்தது. 1976 ஜனவரி 21 அன்று பிரிட்டிஷ் ஏர்வேஸ் கான்கார்டில் முதன்முதலாகப் பயணிகளை ஏற்றிக்கொண்டு லண்டனிலிருந்து பறந்தது எங்கே என்று நினைக்கிறீர்கள்? பஹ்ரைனுக்கு.

இதற்கெல்லாம் சற்று முன்புதான் ஓர் ஒப்பந்தம். 1974 முதல் பஹ்ரைன், கத்தார், ஓமன், அபுதாபி நான்கும் சேர்ந்து கல்ஃப் ஏருக்கு உடைமைக்காரர்கள். ஒரே ராஜாளி, நான்கு பங்காளிகள். நமக்குத் தெரியாத கதையா இது? ஆரம்பத்தில் கூட்டுக் குடும்பம் ஜோராகத்தான் இருந்தது. ஆனால் ஜங்ஷன் ஒன்றுதான் இருக்க முடியும். நான்கு முதலாளிகளுக்கும் அது தன் ஊரில் வேண்டும். எந்தப் பாதையில் எத்தனை விமானம், பராமரிப்புக் கூடம் யார் ஊரில், தலைமைப் பொறுப்பு யாருக்கு என்று ஒவ்வொன்றுக்கும் பஞ்சாயத்து. அப்படிப்பட்ட வீட்டில் துணிந்து ஒரு முடிவு எடுக்க ஆள் இருக்காது.

துபாய் இந்தப் பங்கில் இல்லை. எந்த நாட்டு விமானமும் வரலாம் என்று அது வானத்தைத் திறந்துவிட்டிருந்தது. போட்டி பிடிக்காத கல்ஃப் ஏர் எண்பதுகளின் நடுவில் துபாய் சேவைகளைக் குறைத்தது. என்னைக் கேட்டால், செய்த பிழைகளிலேயே பெரியது இதுதான். கோபித்துக்கொண்ட துபாய் சும்மா இருக்கவில்லை. பாகிஸ்தான் விமான நிறுவனத்திடம் இரண்டு விமானங்களை வாடகைக்கு வாங்கி, 1985 அக்டோபரில் கராச்சிக்கு ஒன்றை அனுப்பியது. அதுதான் எமிரேட்ஸ். ஒரே முதலாளி, ஒரே ஊர், ஒரே ஜங்ஷன். இன்று அதனிடம் ஏர்பஸ் ஏ380 மட்டுமே 100-க்கு மேல்.

“மத்தவன்லாம்?” என்றார் பாய்.

ஒவ்வொருவராகப் பாகம் பிரித்துக்கொண்டார்கள். தொண்ணூறுகளில் கத்தார் தனக்கென்று விமானம் விட்டது. 2002-ல் கல்ஃப் ஏரைவிட்டு விலகியது. அபுதாபி 2003-ல் எத்திஹாதை உருவாக்கி, 2005-ல் போய்விட்டது. கல்ஃப் ஏரைத் தூக்கி நிறுத்தப் பார்த்த அதன் தலைமை நிர்வாகி ஜேம்ஸ் ஹோகனையும் 2006-ல் எத்திஹாத் அழைத்துக்கொண்டது. 2007-ல் ஓமனும் கிளம்பியது. பெரிய வீட்டில் மிஞ்சியவர் பஹ்ரைன் ஒருவர்தான்.

வங்கிக் கதையும் ஏறக்குறைய இதே பாதை. 2004-ல் துபாய் தன் நிதி மையத்தைத் திறந்தது. 2011-ல் பஹ்ரைனில் கிளர்ச்சி. மக்கள் கூடிய முத்துச் சதுக்கத்தையே அரசு இடித்தது. பணத்துக்குச் சத்தம் ஆகாது. பெய்ரூட்டிலிருந்து கிளம்பிய அதே பணம் மறுபடி மூட்டை கட்டியது. (துபாய்க்கும் இப்போது கொஞ்சம் வயிற்றைக் கலக்குகிறது. 2024 முதல், வட்டாரத் தலைமையகம் சவுதியில் இல்லாத வெளிநாட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்வதைச் சவுதி அரசு கட்டுப்படுத்தியிருக்கிறது.)

பஹ்ரைன் பாழாகிவிடவில்லை பாய். அலுமினியம் உருக்குகிறார்கள், வங்கிகள் இருக்கின்றன, வார விடுமுறைக்கு 25 கிலோமீட்டர் கடல் பாலம் தாண்டிச் சவுதிக்காரர்கள் வருகிறார்கள். உங்கள் ராஜாளியும் பறக்கிறது. ஆனால் செலவு வரவை மிஞ்சிப்போய், 2018-ல் அக்கம்பக்கத்தார் 1,000 கோடி டாலர் கொடுத்துத் தாங்க வேண்டியிருந்தது. கொடுத்தவர்கள் மூன்று பேர்: சவுதி, குவைத், அப்புறம் பழைய பங்காளி அபுதாபியைத் தலைநகராகக் கொண்ட அமீரகம்.