டாக்டர் பிள்ளைக்கு எத்தனை டொலர்?

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் வாரத்தில் கடைத்தெருவில் வியாபாரத்தைவிடக் கூடுதலாகப் பேசப்படுவது பிள்ளைகளின் இஸட் புள்ளிதான். யாருடைய பிள்ளைக்கு மருத்துவபீடம் கிடைத்தது, யாருடைய பிள்ளைக்கு நூலிழையில் தவறியது என்பது லொறிச் சாரதி வரை தெரிந்திருக்கும். தவறிய வீட்டுக்கு அடுத்த நாளே தொலைபேசி அழைப்பு வந்துவிடும். பங்களாதேஷில் இடம் இருக்கிறது, சீனாவில் இடம் இருக்கிறது, இந்தக் கிழமைக்குள் முற்பணம் கட்டினால் கழிவு தருகிறோம் என்பார்கள். கழிவு என்றதும் நமது ஆட்களின் காது நிமிர்ந்துவிடும். ஒரு கொள்கலன் டைல்ஸ் இறக்குவதற்கு மூன்று மாதம் விசாரிக்கும் மனிதர், ஒரு கோடி ரூபாவைத் தாண்டிப் போகும் இந்த விடயத்தை மூன்று நாளில் பேசி முடித்துவிடுகிறார். ஏனென்று கேட்டால், "பிள்ளையின் படிப்பு விடயத்தில் கணக்குப் பார்க்கலாமா?" என்பார். பார்க்கத்தான் வேண்டும். பிள்ளையின் ஆறேழு வருட இளமையும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

முதலில் உள்நாட்டு நிலையைச் சொல்லிவிடுகிறேன். அரச மருத்துவபீடங்களில் படிப்பு இலவசம். இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் பங்கிடப்படுகின்றன. இதனால்தான் கொழும்பிலும் கண்டியிலும் மிக நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளையும் வெளியே நிற்க நேரிடுகிறது. ஆனால் பல்கலைக்கழக அனுமதிக்காக மூன்று தடவை பரீட்சை எழுதலாம். முதல் தடவையில் சொற்ப புள்ளியால் தவறிய பிள்ளைக்கு, இன்னும் ஒரு வருட ரியூஷன் செலவுதான் உலகிலேயே மலிவான மருத்துவக் கல்விக் கட்டணம். இதை எந்த முகவரும் சொல்லித்தர மாட்டார். அதில் அவருக்கு ஒரு சதமும் இல்லை.

பிள்ளை மீண்டும் எழுத மறுக்கிறது, அல்லது மூன்று தடவையும் முடிந்துவிட்டது, வீட்டில் வசதியும் இருக்கிறது என்றால் வெளிநாடு. இங்கே நமது வர்த்தகர்கள் கேட்கும் முதல் கேள்வி, "மொத்தம் எவ்வளவு?" என்பது. அது இரண்டாவது கேள்வியாக இருக்க வேண்டும். சரக்கு இறக்குமதி செய்யும் எவரும், துறைமுகத்தில் அந்தச் சரக்கை விடுவிப்பார்களா என்று பார்க்காமல் எல்.சி. திறப்பதில்லை. மருத்துவப் பட்டத்துக்குத் துறைமுகம் இலங்கை மருத்துவ சபை. அந்தப் பட்டத்தைச் சபை அங்கீகரிக்க வேண்டும். பிள்ளையின் உயர்தரப் பெறுபேறும் சபை விதித்திருக்கும் குறைந்தபட்சத் தகைமைக்குக் கீழே இருக்கக்கூடாது. வெளிநாட்டுக் கல்லூரி அதைவிடக் குறைந்த பெறுபேற்றுக்கும் இடம் கொடுக்கலாம். அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு ஆறு வருடம் கழித்து கொழும்பில் வந்து வாதாட முடியாது.

பட்டம் பெற்று வந்த பின்னர் பதிவுப் பரீட்சை இருக்கிறது. முன்னர் அக்ட் 16 என்றார்கள், இப்போது ஈ.ஆர்.பி.எம். என்கிறார்கள். எழுத்துப் பரீட்சையும் உண்டு, நோயாளியைப் பரிசோதித்துக் காட்டும் பரீட்சையும் உண்டு. அதில் சித்தியடைந்த பிறகுதான் அரச வைத்தியசாலையில் ஒரு வருட உள்ளகப் பயிற்சி. அந்தப் பயிற்சிக்கும் நியமனம் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆகவே ஐந்து வருடப் படிப்பு என்று விளம்பரத்தில் போட்டிருந்தால், வாப்பாவின் கணக்குப் புத்தகத்தில் குறைந்தது ஏழு எட்டு வருடம் என்று எழுதிக்கொள்ள வேண்டும். அவ்வளவு காலமும் பிள்ளை உழைக்காது, செலவழிக்கும்.

அங்கீகாரத்தை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு மாலபே தனியார் மருத்துவக் கல்லூரியின் கதை போதும். பட்டத்தை ஏற்கலாமா கூடாதா என்று வழக்கு, வேலைநிறுத்தம், ஊர்வலம் என்று நாடு கிடந்து உழன்றது. 2017 ஜனவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் மாணவர் பக்கம் தீர்ப்புச் சொல்லியும் பிரச்சினை தீரவில்லை. அதே வருடம் அக்டோபரில் அந்தக் கல்லூரியையே ஒழிப்பதாக அரசாங்கம் அறிவித்து, பின்னர் மாணவர்களைக் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தில் சேர்த்தது. பிள்ளைகள் கடைசியில் கரை சேர்ந்தார்கள் என்பது உண்மை. ஆனால் இழுபறியில் போன வருடங்களை யார் திருப்பிக் கொடுப்பது? உறுதியில் வில்லங்கம் உள்ள காணியை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் நாம் வாங்குவதில்லை அல்லவா?

இனிச் செலவு. உதாரணத்துக்கு முழுப் படிப்புக்கும் 40,000 டொலர், வருடத்துக்கு 8,000 வீதம் ஐந்து தவணை என்று வைத்துக்கொள்வோம். 2021 இல் டொலர் ஏறத்தாழ 200 ரூபா. அப்போது பிள்ளையைச் சேர்த்த வாப்பா, மொத்தம் 80 இலட்சம் என்று கணக்குப் போட்டு, முதல் தவணைக்கு 16 இலட்சம் அனுப்பியிருப்பார். 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்க விட்டார்கள்; மே மாதமளவில் டொலர் 360 ஐத் தொட்டது. இரண்டாவது தவணை 28 இலட்சத்து 80 ஆயிரம். அதே கல்லூரி, அதே பிள்ளை, அதே 8,000 டொலர். பின்னர் டொலர் 300 ஐ அண்டி இறங்கியது என்றாலும் ஒரு தவணை 24 இலட்சத்தை அண்டியே இருந்தது. கடையில் விற்பனை பாதியாகிப்போன காலத்தில் இது நடந்தது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். காசு இருந்தவருக்கும் வங்கியில் டொலர் கிடைக்காமல் அலைச்சல். இறக்குமதி செய்பவர் டொலர் ஏறினால் சரக்கின் விலையை ஏற்றிச் சமாளிப்பார். படிக்கும் பிள்ளையின் விலையை யாரிடம் ஏற்றுவது?

ஆகையால் இன்றைய நாணய மாற்று விகிதத்தில் கணக்குப் போடுகிறவர், அதற்கு மேல் கால்பங்காவது கூட்டிப் போட வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அப்படிக் கூட்டினால் தாங்காது என்றால் அந்தக் கல்லூரி உங்களுக்கு உரியதல்ல. சற்று மலிவானதைப் பாருங்கள். பங்களாதேஷின் தனியார் கல்லூரிகள் சில, பெரும்பகுதியை அனுமதியின்போதே கேட்கும். டொலர் ஏறினாலும் கட்டிய பங்கு பாதிக்காது என்பது அதில் உள்ள நன்மை. இரண்டாம் வருடத்தில் பிள்ளை படிப்பை விட்டுவிட்டால் அந்தக் காசு திரும்பி வராது என்பது தீமை. எதை அனுப்புவதாயினும் கல்லூரியின் பெயரிலுள்ள கணக்குக்கு வங்கி மூலம் அனுப்புங்கள். இடையில் நிற்பவரின் கையில் காசாகக் கொடுத்தவர்களின் கதைகளை எழுதினால் இந்தப் பக்கம் போதாது.

காசு எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். வீட்டுச் செலவு ஓடுவது இரண்டாவது கடையின் வாடகையில் என்றால், அந்தக் கடையை விற்றுப் பிள்ளையை அனுப்புவது சுமையை மற்றப் பிள்ளைகளின் தலையில் ஏற்றுவதாகும். மூத்தவளுக்கு ஒரு கோடி, இளையவனுக்கு ஒன்றும் இல்லை என்ற நிலை வந்தால் பத்து வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சுவார்த்தை நின்றுவிடும். நமது ஊர்களில் கண்டிருக்கிறோம்.

கண்டிப் பக்கத்தில் மின்சாரப் பொருள் வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர், மகளுக்கு வந்த மூன்று கடிதங்களைக் கொண்டுவந்து என் மேசையில் பரப்பினார். ஒன்று டாக்கா, ஒன்று நேபாளம், ஒன்று ரஷ்ய நகரம். ரஷ்யாதான் மலிவு, அவருக்கு அதில்தான் கண். பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தோம். ரஷ்யாவில் ஆறு வருடம். மற்ற இடங்களைவிடப் பயணச்சீட்டுக்குக் கூடுதல் செலவு. குளிர் உடுப்பு, ஹீட்டர் என்று மேலதிகம். எல்லாம் கூட்டிய பிறகும் ரஷ்யா மலிவாகத்தான் இருந்தது, ஆனால் முதலில் தெரிந்த வித்தியாசத்தில் பாதி காணாமல் போயிருந்தது. அப்போதுதான் மகளிடம் கேட்டீர்களா என்றேன். கேட்கவில்லை. கேட்டபோது அவள் சொன்னது இரண்டு விடயம். சிறு வயதிலிருந்து இழுப்பு வருத்தம், குளிர் ஒத்துக்கொள்ளாது. மற்றது, தன் பாடசாலையில் படித்த இரண்டு அக்காமார் டாக்காவில் இருக்கிறார்கள். டாக்காவுக்கே அனுப்பினார்.

டாக்காவும் அமைதியாக இருக்கவில்லை. 2024 ஜூலையில் அங்கே மாணவர் போராட்டம் மூண்டு, ஊரடங்கு போட்டு, இணையத்தையும் துண்டித்தார்கள். நாலைந்து நாள் மகளின் குரலைக் கேட்க முடியாமல் அவர் கடையைத் திறக்கவே இல்லை. ஓகஸ்ட் 5 ஆம் திகதி பிரதமர் ஷேக் ஹசீனா நாட்டைவிட்டு வெளியேறினார். மகள் வீட்டுக்கு வந்து, நிலைமை தணிந்த பின் திரும்பிப் போய்ப் படிக்கிறாள். சில மணிநேரப் பயணத் தூரம் என்பதால் வரவும் போகவும் முடிந்தது.

இடம் என்பது இதுதான். 2020 பெப்ரவரி முதலாம் திகதி வுஹானிலிருந்து 33 மாணவர்களை விசேட விமானத்தில் கொண்டுவந்து தியத்தலாவையில் தனிமைப்படுத்தினார்கள். உயிர் தப்பியது பெரிய விடயம். ஆனால் சீனா வெளிநாட்டு மாணவர்களுக்குக் கதவைத் திறக்க 2022 வரை ஆனது. வார்டில் நோயாளியைத் தொட்டுப் பார்த்துப் படிக்க வேண்டிய காலம் பல பிள்ளைகளுக்குக் கணினித் திரையில் போய்விட்டது. 2022 பெப்ரவரியில் உக்ரேன் யுத்தம் தொடங்கியதும் அங்கிருந்த மருத்துவ மாணவர்கள் எல்லை தாண்டி ஓடினார்கள். ரஷ்யாவில் படித்தவர்களுக்கு வேறு தொல்லை: வங்கிகள் மீது தடை வந்தது, விசா, மாஸ்டர்காட் நிறுத்தப்பட்டன, ஊரிலிருந்து பிள்ளைக்குச் சாப்பாட்டுக் காசு அனுப்புவதே பெரும் பாடு. யுத்தத்தையும் தொற்றுநோயையும் யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் பிரச்சினை வந்தால் பிள்ளை எந்த வழியால், எத்தனை விமானம் மாறி வீட்டுக்கு வரும் என்பதை முன்கூட்டிப் பார்க்கலாம்.

மொழி பற்றி நமது ஆட்கள் யோசிப்பதே குறைவு. ஆங்கிலத்தில் கற்பிக்கிறோம் என்பார்கள்; விரிவுரை ஆங்கிலத்தில்தான் இருக்கும். நோயாளி ஆங்கிலம் பேச மாட்டார். மூன்றாம் வருடம் வார்டுக்குப் போகும்போது டாக்காவில் வங்காளம், ரஷ்யாவில் ரஷ்ய மொழி, சீனாவில் சீனம் தேவை. வயிற்றில் எங்கே வலி, எத்தனை நாள் என்று கேட்கத் தெரியாத மாணவர் சுவரோடு நின்று பார்த்துவிட்டு வருவார். பிறகு ஈ.ஆர்.பி.எம். பரீட்சையில் நோயாளிக்கு முன்னால் நிற்கும்போது கை நடுங்கும். இதில் நமக்கென்று ஒரு விசேட பலவீனமும் உண்டு. தமிழ் மொழிமூலம் படித்த பிள்ளை, திடீரென்று ஆங்கிலப் புத்தகத்துக்கு மாறுகிறது. திரும்பி வந்து தென்பகுதி வைத்தியசாலையில் பயிற்சி கிடைத்தால் சிங்களமும் வேண்டும். பெறுபேற்றுக்கும் பயணத்துக்கும் இடையிலான மாதங்களில் பிள்ளையை ஆங்கிலத்துக்கும் சிங்களத்துக்கும் அனுப்புங்கள். கல்யாண வீடுகளுக்கு அழைத்துக்கொண்டு போய், "இவள்தான் டாக்டராகப் போகிறவள்" என்று அறிமுகம் செய்வதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஹலால் சாப்பாடு, பெண் பிள்ளைகளுக்குத் தனி விடுதி, இரவில் வார்டிலிருந்து விடுதிக்கு நடக்கும் தூரம் ஆகியவற்றை உம்மாமார் சரியாகவே கேட்பார்கள், அதில் நான் சொல்ல வேண்டியது ஒன்றும் இல்லை. முஸ்லிம் நாடு என்ற ஒரு காரணத்துக்காக மட்டும் கல்லூரியைத் தெரிவு செய்ய வேண்டாம் என்பதைத் தவிர. நல்ல கல்லூரியும் நோயாளியே வராத வெறும் கட்டடமும் எல்லா நாட்டிலும் இருக்கின்றன. கல்லூரியோடு சேர்ந்த வைத்தியசாலையில் எத்தனை கட்டில், அதில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று கேளுங்கள். கூட்டம் இல்லாத வைத்தியசாலையில் படிப்பது, வாடிக்கையாளர் வராத கடையில் வியாபாரம் பழகுவதைப் போன்றது.

பிள்ளைக்கு உண்மையிலேயே இந்தத் தொழில் வேண்டுமா என்பதையும் ஒரு நாள் வாப்பா இல்லாத இடத்தில் யாராவது கேட்க வேண்டும். மாமாவோ, பாடசாலை ஆசிரியரோ கேட்கலாம். இரத்தத்தைக் கண்டால் தலைசுற்றுகிறது என்று வாப்பாவிடம் சொல்லப் பயந்து, இரண்டாம் வருடத்தில் பெட்டியோடு திரும்பி வந்த பையன்கள் இருக்கிறார்கள். மருந்தாளர், ஆய்வுகூடத் தொழில்நுட்பம், இயன்மருத்துவம் என்று நோயாளிக்கு உதவும் வேறு தொழில்களும் உண்டு. நமது சமூகத்தில் அவற்றுக்கு மரியாதை போதாது, அவ்வளவுதான்.

கடைசியாக, முகவர் தரும் தொலைபேசி இலக்கத்தில் பேசும் மாணவர், முகவர் சொல்வதையே சொல்லுவார். உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ அந்தக் கல்லூரியில் நாலாம் ஐந்தாம் வருடம் படிக்கும் பிள்ளையை நீங்களே தேடிப் பிடியுங்கள். அது விடுமுறையில் வந்திருக்கும்போது உங்கள் பிள்ளையையும் உட்கார வைத்துக் கேளுங்கள். விளம்பரத்தில் இல்லாத என்னென்ன கட்டணம் வாங்குகிறார்கள்? பரீட்சையில் தவறினால் எவ்வளவு கட்டி எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும்? உங்களுக்கு முன்னால் முடித்தவர்களில் எத்தனை பேர் ஈ.ஆர்.பி.எம். சித்தியடைந்து வேலையில் இருக்கிறார்கள், எத்தனை பேர் இன்னும் வீட்டில் இருக்கிறார்கள்? கடைசிக் கேள்விக்கு அந்தப் பிள்ளை தலையைக் குனிந்தால் முற்பணத்தை அன்று அனுப்ப வேண்டாம். அடுத்த கல்லூரியில் படிக்கும் பிள்ளையின் இலக்கத்தைத் தேடுங்கள்.