டால்பினைக் காக்கும் பன்னாட்டு ஆய்வு: உங்கள் செல்போனுக்கும் அதில் வேலை இருக்கு

தண்டலம், ஒரகடம் பக்கம் கம்பெனியில் வேலை பார்க்கிறீர்களா? ஷிப்ட் முடிந்து டீ குடிக்கும்போது, பக்கத்து லைனில் இருக்கும் பீகார் நண்பரிடம் "சூன்ஸ் பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். பாகல்பூர் பக்கத்துக்காரர் என்றால் முகம் மலர்ந்துவிடும். சூன்ஸ் என்பது கங்கை டால்பின், நம் நாட்டின் தேசிய நீர்வாழ் விலங்கு. அவர் ஊரை ஒட்டி, சுல்தான்கஞ்சிலிருந்து கஹல்காவ் வரை, கங்கையில் அதற்கென்றே ஒரு சரணாலயம் இருக்கு.

இந்த டால்பினுக்குக் கண் பார்வை கிட்டத்தட்ட கிடையாது. ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்துத்தான் கலங்கிய ஆற்றில் வழி கண்டுபிடிக்கும், மீன் பிடிக்கும். மூச்சு விட மேலே வந்தால் சில நொடிகள்தான், உடனே உள்ளே போய்விடும். அப்படியிருக்க எப்படி எண்ணுவது? 8 மாநிலங்களில், 28 ஆறுகளில், 8,500 கிலோமீட்டருக்கு மேல் படகில் போய் எண்ணினார்கள். 2025 மார்ச்சில் வெளியான முடிவு: 6,327. இதில் சிந்து நதி டால்பின் வெறும் 3. அவை பஞ்சாபில் இருக்கின்றன. அந்த இனத்தின் மற்ற சொந்தங்கள் எல்லாம் பாகிஸ்தானில்!

சிக்கலே இங்கேதான். ஆற்று நீர் ஏறினால் மேலே போகும், வற்றினால் கீழே இறங்கும். நேபாளம், இந்தியா, வங்கதேசம் என்ற எல்லைக்கோடு அதற்குத் தெரியாது. ஒரு நாட்டில் அணை கட்டினால் இன்னொரு நாட்டில் அதன் வழி அடைபடும். எனவே, ஒரு நாடு மட்டும் ஆய்வு செய்தால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

2024 டிசம்பரில் அசாமில் ஓர் ஆண் டால்பினுக்குச் செயற்கைக்கோள் பட்டை பொருத்தி ஆற்றில் விட்டார்கள். கங்கை டால்பினுக்கு இப்படிச் செய்தது உலகிலேயே அதுதான் முதல் முறை. செய்தவர்கள் இந்திய வனஉயிரின நிறுவனம், அசாம் வனத்துறை, ஆரண்யக் அமைப்பு. பட்டையின் சிக்னலைப் பிடிப்பதோ பிரான்சும் அமெரிக்காவும் சேர்ந்து தொடங்கிய ஆர்கோஸ் செயற்கைக்கோள் வசதி. 2023 அக்டோபரில் கொலம்பியாவின் பொகோட்டாவில் இந்தியா உட்பட 11 நாடுகள் ஆற்று டால்பின்களைக் காக்கும் உலகப் பிரகடனத்தை ஏற்றன.

கொஞ்சம் தாமதித்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். 2006 இறுதியில் ஆறு நாட்டு விஞ்ஞானிகள் சீனாவின் யாங்சி ஆற்றில் ஆறு வாரம் தேடினார்கள். இரண்டு படகுகள், நல்ல தொலைநோக்கிகள், நீருக்கடியில் ஒலி கேட்கும் கருவிகள். ஆனால் 'பைஜி' டால்பின் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

சரி, தமிழ்நாட்டுக்கு இதில் என்ன? நம் ஆறுகளில் டால்பின் இல்லை, கடலில் நிறைய உண்டு. மீனவர்கள் ஓங்கல் என்பார்கள். 2020 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட 'டால்பின் திட்டம்' ஆற்றையும் கடலையும் சேர்த்தே பார்க்கிறது. ஓங்கல் எங்கே தென்பட்டது, எங்கே ஒதுங்கியது என்று பொதுமக்கள் தரும் தகவலை இந்தியக் கடல் பாலூட்டிகள் ஆய்வு வலையமைப்பு இணையத்தில் திரட்டி வைத்திருக்கிறது. எந்த நாட்டு ஆய்வாளரும் அதைப் பார்க்கலாம்.

லீவு நாளில் கோவளம், மாமல்லபுரம் போகும்போது கரையில் ஓங்கல் கிடந்தால் உடனே 1554 (கடலோரக் காவல்படை) அல்லது 112-ஐ அழையுங்கள். உயிர் இருந்தால் உடம்பை ஈரத் துணியால் மூடி, நிழல் கொடுங்கள். தலைமேல் இருக்கும் மூச்சுத் துளைக்குள் தண்ணீரோ மணலோ போகக் கூடாது, துணியும் அதை மூடக் கூடாது. வாலைப் பிடித்து இழுக்காதீர்கள், நீங்களாகவே கடலில் தள்ளவும் வேண்டாம். செல்பி வேண்டவே வேண்டாம், கூட்டத்தைப் பார்த்தே அது மிரண்டுவிடும். இறந்திருந்தாலும் தகவல் கொடுங்கள். சட்டப்படி அட்டவணை 1-இல் உள்ள உயிரினம் என்பதால் உடலின் எந்தப் பகுதியையும் எடுக்கக் கூடாது. தள்ளி நின்று பக்கவாட்டில் ஒரு படம், தலை தெரிய ஒரு படம், வால் தெரிய ஒரு படம். அளவு தெரிய அருகில் ஒரு செருப்பை வையுங்கள். லொகேஷனை ஆன் செய்துவிட்டு எடுங்கள். இடமும் நேரமும் படத்தோடு பதிவாகிவிடும்.